காலடியில் பத்தாயிரம் ரூபாய்!

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். சென்ட்ரலிலிருந்து திருத்தணி போகும் மின்சார ரயில். நாலடி நீளத்துக்குக் கறுப்பு உறை போட்ட ஒரு சாமானைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் ஏறியதும், மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

"உட்காருங்க சாமி. எத்தனாவது வருஷம்?"

"இது மூணாவது" என்றேன். கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்றாவது வருஷம் என்பதால்.

"அரோகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டு அம்மாள் என் உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருவள்ளூர் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பேஸ் கிதாரை அவர்கள் காவடி என்று நினைத்திருக்கிறார்கள்! உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அந்தக் கூட்டத்தில் கிடைத்த சீட்டு. சொல்லவில்லை. முருகன் மன்னிப்பான்.

ஒரு விதத்தில் அது காவடிதான். தூக்கியவனுக்குத்தான் பாரம் தெரியும். தோள்பட்டை இறங்கினால் நகரி தாண்டிப் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்றுதான் எங்கள் ஊர்ப்பக்கத்து வசதி.

நான் பாரிமுனையில் ஒரு ஆபீஸில் கிளார்க். தினம் போக வர சுமார் 170 கிலோமீட்டர் ரயில். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஒரு லேத் பட்டறை மாடியில் நாங்கள் நாலு பேர் ராக் வாசிக்கிறோம். (வாசிக்கிறோம் என்பது எங்கள் கட்சி. கீழே டீக்கடைக்காரர் வேறு வினைச்சொல் உபயோகிக்கிறார்.) பாட்டுக்காரன் ஒருத்தன், கிதார்க்காரப் பையன் ஒருத்தன், டிரம்ஸ் ஒருத்தன். அப்புறம் நான். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் விஷயத்தில் இரண்டு தடவை கைகலப்பு வரை போய்விட்டது.

என் பங்கு பேஸ். நாலே தந்தி. தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. உங்கள் செல்போன் ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வரவே வராது. அதற்கு மேலே கிளம்பும் கிளை ஒலிகளைக் கேட்டுவிட்டுக் காது தானாகவே அடியை ஊகித்துக்கொள்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் பாட்டுக்காரனுக்குக் கைகொடுப்பார்கள், கிதார்க்காரனோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், டிரம்ஸ்காரனிடம் "செம அடி மச்சான்" என்பார்கள். என்னிடம் வந்து, "சார், இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க" என்பார்கள்.

ஆனால் நம் ஆட்களின் காதுக்கு பேஸ் புதிதில்லை. இளையராஜா பாடல்களில் அடியில் தனியாக ஒரு பாட்டு நடந்துபோகுமே, அதில் எத்தனையோ சசிதரன் வாசித்தது. ரஹ்மான் பாட்டுகளில் அந்த இடத்தில் கீத் பீட்டர்ஸ். பெயர் தெரியாமலே நாம் முணுமுணுத்திருக்கிறோம்.

எங்கள் குடும்பத்துக்கும் இது புதிதில்லை. என் பெரியப்பா ஒத்து ஊதினவர். இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒத்து என்றால் தெரியாது. நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். கல்யாணம் முழுக்க ஒரே ஒரு சுரம். மூச்சு விடக்கூடாது, மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் ஊத வேண்டும். பிறகு சுருதிப் பெட்டி வந்தது, ஒத்துக்காரர் வீட்டுக்குப் போனார். சொல் மட்டும் ஆபீஸில் தங்கிவிட்டது. மேலதிகாரி என்ன சொன்னாலும் "ஆமா சார்" என்கிறவனை "ஒத்து ஊதறான்" என்கிறோம். அந்த வகையில் நான் பரம்பரைத் தொழிலை விடவில்லை, பகலிலும் சரி, சாயங்காலமும் சரி.

பெரியப்பாவுக்கு இப்போது 81. காது போய்க்கொண்டிருக்கிறது. போகிற விதம்தான் அநியாயம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகளாம். கீச்சுக்குரல், தட்டு, தாளம், ச, ஸ சத்தம் எல்லாம் முதலில் கழன்றுகொள்ளும். அடி ஒலிகள் கடைசி வரை தங்கும். வாழ்நாளெல்லாம் நாகஸ்வரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷருக்கு இப்போது நாகஸ்வரம் பாதிதான் கேட்கிறது. தவிலில் தொப்பி கேட்கிறது, வலந்தலை மங்கல். அவர் கணக்கில் எங்கள் குழுவில் பாட்டுக்காரன் வாயை மட்டும் அசைக்கிறான், கிதார்க்காரப் பையன் சொறிந்துகொள்கிறான். காதில் விழுவது என்னுடைய வாசிப்பு ஒன்றுதான்!

உலகத்திலேயே பேஸ்காரனைக் கேட்பதற்கென்றே வந்து உட்காருகிற ஒரே ரசிகர். அவரைத்தான் போன தை மாசம் ஏமாற்றினேன்.

பெடல் மோகம் எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். ராத்திரி ரயிலில் தூக்கம் வராமல் வீடியோ பார்க்கக்கூடாது. அங்கே ஒரு வெள்ளைக்காரர் காலடியில் கலர் கலராகப் பத்துப் பதினைந்து சோப்பு டப்பாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மிதிக்கிறார். ஒரு டப்பாவை மிதித்தால் பேஸ் உறுமுகிறது. இன்னொன்று தண்ணீருக்குள் பேசுகிறது. இன்னொன்று வாத்து மாதிரி கத்துகிறது. பிறகு மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன். 1983-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வெறும் பேஸை வைத்துக்கொண்டு, டிஸ்டார்ஷனும் வாவாவும் போட்டு, ஒரு முழு அயிட்டமே வாசித்திருக்கிறார். அரக்கோணம் வந்தது தெரியவில்லை. திருத்தணி வந்தது தெரிந்தது, அதுவும் கடைசி ஸ்டேஷன் என்பதால்.

முத்துசுவாமி தீட்சிதருக்கு இதே திருத்தணி மலையில்தான் முருகன் முதியவர் உருவில் வந்து வாயில் கற்கண்டு போட்டான், உடனே மாயாமாளவகௌளையில் முதல் கிருதி பிறந்தது என்று ஐதீகம். எனக்குக் கற்கண்டு போட ஆளில்லாததால், போனஸ் வந்த அன்றைக்குச் சென்னையில் ஒரு கடைக்குப் போனேன்.

"ஓவர்டிரைவ் வேணும். பேஸுக்கு."

கடைப் பையன் பச்சை டப்பா ஒன்றை எடுத்து வைத்தான். "இது எல்லாத்துக்கும் போகும் சார்." ஆபீஸில் இருபது வருஷமாக ஃபைல் பார்க்கிற எனக்கு, 'எல்லாத்துக்கும் போகும்' என்றால் எதற்கும் போகாது என்று தெரிந்திருக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தான். சகதர்மிணியிடம், "கிதாருக்கு ஒரு ஸ்பேர் பார்ட்" என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை.

தை மாசக் கல்யாண ரிசப்ஷன். பெண் திருத்தணி, மாப்பிள்ளை நகரிப் பக்கம். எங்கள் ஊருக்கு இது சகஜம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்களே சித்தூர் ஜில்லாவாக ஆந்திராவில்தான் இருந்தோம். எல்லையை மாற்றினார்கள், சம்பந்தங்களை மாற்றவில்லை. எங்களைக் கூப்பிட்ட காரணம் ராக் ஆர்வம் அல்ல, லைட் மியூசிக் குழு கேட்டதில் பாதிக்கு நாங்கள் ஒத்துக்கொண்டோம். முன்வரிசையில் பெரியப்பா, மடித்த அங்கவஸ்திரத்தோடு.

நாலாவது பாட்டு. நடுவில் கிதார் தனியாக வாசிக்கும் இடம். அப்போது நான் அடியில் உறுமவேண்டும் என்று திட்டம். இது என் வாழ்க்கையில் முதல் மிதி. மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் 'கர்ர்ர்' என்று ஆனந்தமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நகரி சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸரிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சார்! பேஸ் ராவட்லேது சார்!"

வரவில்லையாம். நான் இன்னும் ஓங்கி வாசித்தேன். ஓங்க ஓங்க, கொசு பெரிதானதே தவிர யானை வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாயசம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்:

"நாலாவது பாட்டுல நடுவுல நீ எழுந்து சாப்பிடப் போயிட்டியாடா?"

"இல்ல பெரியப்பா... அங்கேதான் இருந்தேன்."

"இருந்தியா? அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. காது சுத்தமாப் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

பாயசம் இறங்கவில்லை.

ராத்திரியே காரணம் தேட ஆரம்பித்தேன். விஷயம் ரொம்ப எளிது. கிதாருக்காகச் செய்த ஓவர்டிரைவ் பெடல்கள் பலவற்றில் அடி ஒலியை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். 1979-ல் வந்த ட்யூப் ஸ்க்ரீமர் அந்த வம்சத்தின் பிரபல மூத்த பிள்ளை. அடி ஒலியை அப்படியே விட்டு ஒலியை முறித்தால் கூழாகிவிடும். அதனால் அடியைக் கழித்துவிட்டு நடுப்பாகத்தை முன்னே தள்ளுவார்கள். கிதார்க்காரனுக்கு இது வரப்பிரசாதம். அவன் விட்டுவிட்ட அடியைத்தான் பேஸ்காரன் பார்த்துக்கொள்கிறானே! பேஸ்காரனும் அதே பெடலை மிதித்தால்? வீட்டுக்குப் பேஸ்மட்டம் வேண்டாமென்று மாடி மட்டும் கட்டின கதை.

இதில் ஒரு வேடிக்கை. இந்த முறிந்த ஒலியை டப்பாவில் அடைக்கும் யோசனை பிறந்ததே ஒரு பேஸ் வாத்தியத்தால்தான். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொர்ரி' பதிவு, 1961-ல் வெளிவந்தது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸில் தனியாக வாசிக்கும்போது, மிக்ஸரில் ஒரு பாகம் பழுதாகி, வண்டு மாதிரி 'ர்ர்ர்' என்று வந்துவிட்டது. நம் ஊராக இருந்தால் மெக்கானிக்கைத் திட்டி மறுபடி எடுத்திருப்போம். அவர்கள் அப்படியே வெளியிட்டார்கள், ஹிட் ஆனது! அதே ஒலிக்காக க்ளென் ஸ்னாடி என்ற என்ஜினீயர் ஒரு சர்க்யூட் போட, 1962-ல் கிப்சன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று காலால் மிதிக்கும் டப்பாவாக விற்றது. விற்பனை சுமார்தான். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகுதான் கடைகளில் பறந்தது. பழுதான மெஷினின் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது. என் பத்தாயிரமும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

அதே 1965-ல் பீட்டில்ஸ். 'ரப்பர் சோல்' ஆல்பத்தில் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி இரண்டு பேஸ் வாசித்தார். ஒன்று சாதாரணமாக, சுத்தமாக. அதன் மேல் இன்னொன்று, ஃபஸ் போட்டு. இதைப் படித்தபோது நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடியில் ஒரு ஆள் ஊன்றி நிற்க, மேலே இன்னொரு ஆள் கூத்தாடுகிறான்! இன்று பேஸுக்கென்று செய்யும் டிரைவ் பெடல்களில் பிளெண்ட், மிக்ஸ், டிரை, பேலன்ஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு திருகு இருக்கிறதே, அது இந்த இரண்டு ஆளையும் ஒரே டப்பாவில் அடைத்ததுதான். சுத்தமான ஒலி இத்தனை பங்கு, முறிந்த ஒலி இத்தனை பங்கு. அந்தத் திருகு இல்லாத டிரைவ் பெடலை முதல் பெடலாக வாங்காதீர்கள். சில பெடல்களில் திருகு இல்லாமலே அடி ஒலி தங்கும், உண்மைதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் காது முதல் வருஷத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

அதையும் முதலில் வாங்க வேண்டியதில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதலில் வாங்க வேண்டியது டியூனர். சத்தமே போடாத பெடல் என்பதால் யாருக்கும் ஆசை வராது. மிதித்தால் வெளியே ஒலி நின்றுவிடும், உள்ளே சுருதி காட்டும். கல்யாண மண்டபத்தில், பின்னால் கெட்டிமேளமும் முன்னால் குழந்தைகளும் இருக்கும்போது காதால் சுருதி சேர்ப்பேன் என்கிறவர் மகான். தடித்த தந்தியில் முள் தள்ளாடினால், பன்னிரண்டாவது கட்டத்துக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டிப் பாருங்கள். ஒரு ஸ்தாயி மேலே மணி மாதிரி வரும், முள்ளும் அடங்கும்.

அடுத்தது, எங்கள் மாதிரி ஊர்க்காரர்களுக்கு மிக முக்கியம்: டி.ஐ. டப்பா, அல்லது அது உள்ளேயே இருக்கும் பேஸ் ப்ரீஆம்ப் பெடல். சென்னையில் நல்ல மேடை என்றால் பேஸ் ஆம்ப்ளிஃபயர் கொடுப்பார்கள். திருத்தணி மண்டபத்தில் கொடுப்பது ஒரு ஒயர், ஒரு முறைப்பு. கிதாரிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. இருபதடிக்கு மேல் ஒயரில் இழுத்தால் வழியில் களைத்துப்போய், போகிற வருகிற இரைச்சலையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். டி.ஐ. டப்பா அதே சிக்னலை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொரு கம்பியில் தலைகீழாகவும் அனுப்புகிறது. வழியில் ஒட்டிய இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கும். மிக்ஸரில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து வாசிப்பு மட்டும் நிற்கும். நூறடி ஒயரானாலும் கவலையில்லை. சவுண்ட் சர்வீஸ்காரரின் முறைப்பும் பாதியாகும்.

இரைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. என் தடித்த தந்தியின் மூன்றாவது கட்டம் 49. அதாவது சரியாக எர்த் இல்லாத பிளக்கில் சொருகினால், மின்சார வாரியமே ஏறக்குறைய ஜி சுரத்தில் உங்களுக்கு ஒத்து ஊதும்! தந்தியைத் தொட்டால் 'ம்ம்ம்' நிற்கிறது, கையை எடுத்தால் மறுபடி வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெடலை அல்ல, ஒயரையும் மூன்று ஓட்டை பிளக்கின் எர்த்தையும். இது சிரிக்கிற விஷயமும் இல்லை. ஒரு தடவை எங்கள் பாட்டுக்காரன் என் பேஸை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மைக்கில் வாயை வைத்தான். உதட்டில் சுர்ரென்று இழுத்தது. மைக் ஒரு லைன், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு லைன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே லைனில் போடச் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

கம்ப்ரஸர் என்று ஒன்று உண்டு. எல்லாரும் பேஸுக்கு அவசியம் என்பார்கள். அது எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் மாதிரி. துள்ளுகிறவனை அமுக்குவார், தூங்குகிறவனைத் தூக்கி விடுவார், வரிசை ஒழுங்காக இருக்கும். அளவோடு வைத்தால் நல்லது. அதிகம் வைத்தால் துள்ளவும் ஆளில்லை, தூங்கவும் ஆளில்லை. பின்னணியில் 'உஸ்' என்ற மூச்சு மட்டும் கேட்கும். விரல் சீராக அடிக்கப் பழகும் முன் இதை வாங்கினால், விரல் பழகவே பழகாது. நான் வாங்கவில்லை. வாங்கினவர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆக்டேவர், கோரஸ், வாத்துக் கத்தல் எல்லாம் அப்புறம். ஆக்டேவர் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலியைச் சேர்க்கும், சரி. ஆனால் பழைய வகைகள் ஒரு நேரத்தில் ஒரே சுரத்தைத்தான் புரிந்துகொள்ளும். தடித்த தந்திக்கே போனால் குழறும். ஏற்கெனவே பாதாளத்தில் இருக்கிறவனுக்குப் பாதாளக் கரண்டி எதற்கு? வாத்துக் கத்தலில் பூட்ஸி காலின்ஸ் மகா கலைஞர், கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுப் பர்ஸை உள்ளே வையுங்கள்.

அதற்கு பதில் எல்லாம் ஒன்றாக உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஜூம் பி1 ஃபோர் மாதிரி ஒன்று. டியூனர், கம்ப்ரஸர், டிரைவ், தாளம் எல்லாம் அதிலேயே. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. கஷ்டம் என்னவென்றால் இருட்டு மேடையில், பாட்டு நடுவில், குனிந்து சின்னத் திரையில் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். முப்பத்தைந்து வயசுக்கு மேல் கண்ணாடி போட்டவர்கள் யோசிக்கவும்.

உலகத்திலேயே மலிவான எஃபெக்ட்டையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மோட்டவுன் பாட்டுகள் எக்கச்சக்கத்துக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தார். பெடல் எதுவும் கிடையாது. தந்திகளுக்கு அடியில், பிரிட்ஜ் பக்கத்தில், ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அவ்வளவுதான். தந்தி நீட்டி முழங்காமல் 'தும், தும்' என்று நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு நாள், "என்னங்க, பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்ச் எங்கே?" என்று குரல் கேட்டபோது நான் ஆராய்ச்சியில் இருந்தேன். ஒலி அருமை. மெழுகு வைத்து ஒத்துக்குச் சுருதி சேர்த்த பெரியப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. "இதுக்கு எவ்ளோ குடுத்தே?" என்றார். "திட்டு மட்டும்தான் பெரியப்பா."

சரி, பச்சை டப்பாவைக் கிதார்க்காரப் பையனிடம் ஆறாயிரத்துக்குத் தள்ளினேன். அவன் மிதித்தால் தேன் மாதிரி ஒலிக்கிறது, துரோகி! இன்னும் கொஞ்சம் காசு போட்டு, பிளெண்ட் திருகு உள்ள பேஸ் ஓவர்டிரைவ் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். வந்த அன்றே அதைக் கொன்றேன். அடாப்டர் தனியாக வாங்கச் சோம்பல். வீட்டு இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் பின் பார்க்க ஒரே மாதிரி இருந்தது, சொருகிவிட்டேன். புகை வரவில்லை. உயிரும் வரவில்லை.

பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டி.சி.; பின்னின் நடுப்பக்கம் மைனஸ். வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுப்பக்கம் ப்ளஸ், என்னுடையது 12 வோல்ட் வேறு. அடாப்டர் முதுகில் ஒரு குட்டி வட்டமும் கூட்டல் கழித்தல் குறியும் போட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்தாவது அதைப் படியுங்கள். ரிச்சி தெருவில் காட்டினேன். ஒரு டயோடு தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. மாற்றிக் கொடுத்த பெரியவர் கூலியாகக் கேட்டது ஒரு சாப்பாட்டுக் காசு, புத்திமதி இலவசம்: "பேட்டரி போட்டாலும் வாசிச்சு முடிச்சதும் உள்ளே போற ஒயரைப் புடுங்கிடு தம்பி. அது சொருகியிருந்தாலே பேட்டரி ஓடிக்கிட்டிருக்கும்." மேலே விளக்கு அணைந்திருந்தால் பெடலும் அணைந்திருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா வீட்டு முன்கட்டில் ஒரு பழைய மரபெஞ்ச் உண்டு. சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் மேலேயே வைத்தேன். பலகை மொத்தமும் அதிரும். பெரியப்பா மறுகோடியில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த நாலாவது பாட்டு வாசி."

வாசித்தேன். முதலில் சுத்தமாக. அவர் கட்டைவிரல் மட்டும் பலகையில் தாளம் போட்டது. நடுப்பகுதி வந்தது. பிளெண்ட் பாதியில் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டு, மெதுவாக மிதித்தேன். உறுமல் கிளம்பியது. நான் வாசிப்பதைவிட அவர் கட்டைவிரலைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை.

பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தார்.

"அந்த டப்பாவை மிதிக்கப் போறேன்னியே, எப்போ மிதிப்பே?"

"மிதிச்சாச்சு பெரியப்பா. நடுவுல, கிதார் வர்ற இடம் முழுக்க."

பலகையிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அப்போ நீ எங்கேயும் எழுந்து போகலை?"

"இல்ல பெரியப்பா."

"சரி. இன்னொரு தரம் வாசி. உள்ளே காப்பிக்குச் சொல்லிட்டு வாசி."